பெலும் குகையில் மூச்சுத் திணறிய பகலும் அதே குகையை நிதானமாகப் பார்த்த காலையும்

ஆந்திர மாநிலம் நந்தியால் மாவட்டத்தில், கொலிமிகுண்ட்லாவுக்கு அருகில் இருக்கும் பெலும் குகைகளுக்குச் சென்னையிலிருந்து வார இறுதிகளில் சுற்றுலா வேன்கள் போய்வருகின்றன. கண்டிக்கோட்டைப் பள்ளத்தாக்கு, பெலும் குகை, தாடிபத்ரியின் இரண்டு பழைய கோயில்கள் ஆகிய எல்லாவற்றையும் ஒரே வீச்சில் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லும் பயணம் ஒன்றில், 6,800 ரூபாய் கட்டி, ஐம்பத்து நான்கு வயதில், தெரிந்தவர் எவரும் உடன் இல்லாமல் நான் சேர்ந்தேன். அந்தப் பயணம் குகை வாசலிலேயே எனக்கு முடிந்துபோனது. கட்டிய பணத்தில் பெரும்பகுதி போனது, பை பல நாள் கழித்துத்தான் கைக்கு வந்தது, அதைவிட மேலாக, நிலத்துக்கு அடியில் மூச்சு வாங்க முடியாமல் சுவரில் சாய்ந்து நின்ற அந்த நேரத்தின் பயம் இன்னும் முழுமையாக விலகவில்லை. குகையின் படங்களும் காணொளிகளும் இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. உள்ளே காற்று எப்படி இருக்கும், எந்த நேரத்தில் இறங்க வேண்டும், யாருடன் இறங்க வேண்டும் என்பதை எவரும் எனக்குச் சொல்லவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

இடத்தைப் பற்றி முதலில் சிறிது சொல்லிவிடுகிறேன். பெலும் குகை மலையில் குடைந்த குகை இல்லை. சமதளமான வயல்வெளியின் நடுவே, தரையில் கிணறு போலத் திறந்திருக்கும் பள்ளத்தின் வழியாகப் படியிறங்கித்தான் உள்ளே போக வேண்டும். இதுவரை அளந்த நீளம் 3,229 மீட்டர். அதில் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம் மட்டுமே பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. மேகாலயாவில் இதைவிடப் பன்மடங்கு நீளமான குகைகள் உள்ளன என்றாலும், இந்தியச் சமவெளியில் இவ்வளவு நீளமானது வேறில்லை என்கிறார்கள். 1884-ஆம் ஆண்டில் இதைப் பதிவு செய்தவர் ராபர்ட் புரூஸ் ஃபுட். நம் பல்லாவரத்தில் 1863-இல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த அதே நிலவியலாளர். அதன்பின் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் இதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாமல் இருந்து, 1982, 1983-ஆம் ஆண்டுகளில் ஹெர்பர்ட் டேனியல் கெபாவர் தலைமையில் வந்த ஜெர்மன் குழு முறையாக ஆராய்ந்து வரைபடம் தயாரித்தது. ஆந்திரச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் பாதையும் விளக்கும் அமைத்து 2002-இல் மக்களுக்குத் திறந்துவிட்டது. இந்தக் குகை அமைந்திருக்கும் கருஞ்சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல் வேறெதுவும் இல்லை, நம் வீட்டுச் சமையல் மேடையிலும் அலமாரித் தட்டுகளிலும் போட்டிருக்கிறோமே, அந்தக் கடப்பா கல்லின் இனம்தான். தாடிபத்ரியிலிருந்து குகைக்குப் போகும் வழியெங்கும் கல் அறுக்கும் பட்டறைகளும், சாலையோரம் சாய்த்து அடுக்கிய பலகைக் கற்களும் தென்படும்.

எங்கள் வேன் குகை வளாகத்துக்குள் நுழைந்தபோது ஞாயிற்றுக்கிழமை நண்பகல் தாண்டியிருந்தது. வாகன நிறுத்தத்தில் இடமில்லை, நுழைவுச்சீட்டு வரிசை வெயிலில் நீண்டு நின்றது. பயண ஏற்பாட்டாளரின் ஆள், "பையெல்லாம் வண்டியிலேயே இருக்கட்டும், உள்ளே தூக்கிட்டுப் போனா கஷ்டம், முக்கால் மணி நேரத்துல எல்லாரும் மேல வந்துடணும்" என்று சொல்லிவிட்டு, சீட்டுகளைக் கையில் கொடுத்துவிட்டு, ஏதோ வேலையாக வெளியிலேயே தங்கிவிட்டார். வழிகாட்டி உண்டு என்று பதிவின்போது சொல்லியிருந்தார்கள். அந்த வழிகாட்டி அவர்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. எனக்கு லேசான ஆஸ்துமா உண்டு என்று பதிவுப் படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். படிவத்தை ஒருவரும் படித்ததாகத் தெரியவில்லை. இன்ஹேலர் பையோடு வேனில் இருந்தது.

படிகளில் இறங்கும்போது குளிர்ச்சியாக இருக்கும் என்றே எதிர்பார்த்தேன், ஏனென்றால் குகை என்றால் குளிரும் என்றுதான் நாம் நினைக்கிறோம். முதல் கூடத்தில், மேலே திறந்திருக்கும் பள்ளங்களின் வழியாக வெளிச்சமும் காற்றும் வருகிற இடம் வரைக்கும் அப்படித்தான் இருந்தது. அதைத் தாண்டி உள்ளே போகப் போக வெக்கை கூடியது. காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை வழிகிறதே தவிர உலர்வதில்லை. சிறிது தூரத்திலேயே ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது, மூக்குக்கண்ணாடியில் ஆவி படர்ந்தது. முன்னால் ஒரு கல்லூரி மாணவர் கூட்டம், பின்னால் குழந்தைகளைத் தோளில் தூக்கிய குடும்பங்கள், நடுவில் நான். யாரோ கைப்பேசியில் பாட்டுப் போட்டிருந்தார்கள். எதிரொலி சோதிப்பதற்காக ஒருவர் கத்த, அதைக் கேட்டு நாலு பேர் கத்தினார்கள். கூரையிலிருந்து தொங்கும், தட்டினால் ஓசை எழுப்பும் கல்விழுதுகள் இருக்கும் சப்தஸ்வரக் குகையில் இளைஞர் ஒருவர் வண்டிச் சாவியால் அவற்றை மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தார்.

பாதாளகங்கை என்கிற, குகையின் மிகத் தாழ்ந்த பகுதியை நோக்கிப் பாதை குறுகிச் சரியும் இடத்தில்தான் எனக்கு நேர்ந்தது. கீழே போகிறவர்களும் மேலே வருகிறவர்களும் அந்த ஒரே குறுகலில் எதிரெதிரே சந்தித்து, எவரும் வழிவிட முடியாமல் அப்படியே நின்றுவிட்டார்கள். தலைக்கு மேல் பாறை தாழ்ந்திருந்ததால் நான் குனிந்த நிலையிலேயே நின்றேன். நெஞ்சு இறுகியது. எவ்வளவு இழுத்தும் மூச்சு நிறையவில்லை என்ற உணர்வு வந்ததும், அந்த உணர்வே பயத்தைக் கிளப்பி, பயம் மூச்சை இன்னும் வேகமாக்கியது. கை விரல்கள் மரத்தன. பின்னால் நின்ற பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தெலுங்கில் உரக்கக் கத்தி ஆட்களை ஒதுக்கி, தோளைப் பிடித்து என்னை மேலே நடத்திக் கொண்டுவந்து, கூரையிலிருந்து குழாய் வழியாக வெளிக்காற்று இறங்கும் ஓரிடத்தில் உட்கார வைத்தார். அவர் யார், எந்த ஊர் என்று கேட்கக்கூட எனக்குத் திராணி இல்லை. தண்ணீர் கொடுத்துவிட்டுத் தன் குடும்பத்தைத் தேடிப் போய்விட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, பிற்பாடு என் மருத்துவர் விளக்கியதைச் சொல்ல வேண்டும். குகைக்குள் ஆக்ஸிஜன் குறைவு என்று எல்லோரும் பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் மூச்சு முட்டுகிற உணர்வை உடலில் உடனே எழுப்புவது பெரும்பாலும் கரியமில வாயுவின் அளவு கூடுவதுதான். காற்றோட்டம் குறைந்த இடத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் விடும் மூச்சு அங்கேயே தேங்குகிறது, அதிலும் தாழ்ந்த மூலைகளில் அதிகமாகத் தேங்குகிறது. வெக்கை, ஈரம், குனிந்த நிலை, நெரிசல் எல்லாம் அதனுடன் சேர்ந்தால் நோய் எதுவும் இல்லாதவருக்கும் தலை சுற்றும். பெலும் குகையில் காற்றுக் குழாய்களையும் ஊதிகளையும் வைத்திருக்கிறார்கள், அவை வேலையும் செய்கின்றன, ஆனால் குழாயின் வாய்க்கு நேராக நிற்பவருக்குத்தான் அதன் பலன் முழுமையாகக் கிடைக்கிறது. எனவே உள்ளே போகிற எவரும், போகும் வழியிலேயே அந்தக் குழாய்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு சிரமமானால் தொலைவில் இருக்கும் வாசலுக்கு ஓட வேண்டாம், அருகில் உள்ள குழாயடியில் போய் உட்காருங்கள். இன்ஹேலர், மாத்திரை, தண்ணீர் மூன்றையும் யார் என்ன சொன்னாலும் வண்டியில் விடாதீர்கள்.

குழாயடியில் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. மெல்ல மேலே ஏறி வெயிலுக்கு வந்தபோது வேன் நின்ற இடம் காலியாக இருந்தது. நிலத்தடியில் கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்காததால் அவர்கள் அழைத்த அழைப்புகளெல்லாம் வெளியே வந்த பிறகே குறுஞ்செய்திகளாக வரிசையாக வந்து விழுந்தன. திரும்ப அழைத்தபோது, "எல்லாரும் கண்டிக்கோட்டையில சூரிய அஸ்தமனம் பார்க்கணும்ல மேடம், ஒருத்தருக்காக முப்பது பேரை நிறுத்த முடியுமா, நீங்க ஒரு கார் பிடிச்சு வந்துடுங்க" என்று பதில் வந்தது. கண்டிக்கோட்டை அங்கிருந்து அறுபது கிலோமீட்டர். வளாகத்தில் நின்ற ஒரு வாடகைக் கார்க்காரர் 2,500 ரூபாய் கேட்டார். என் கையில் இருந்தது கைப்பேசியும், அதன் உறைக்குள் மடித்து வைத்திருந்த சில நோட்டுகளும், சுற்றிக் கட்டிய ஈரப் புடவையும்தான். தேநீர்க்கடைத் திண்ணையில் உட்கார்ந்து அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. முப்பது ஆண்டுகள் வங்கியில் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து எத்தனையோ பேருடைய கோபத்தைச் சமாளித்தவள், அன்றைக்கு ஒரு வேன்காரரிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச முடியாமல் தொலைபேசியை வைத்துவிட்டேன் என்பதுதான் நெடுநாள் உறுத்தியது.

கண்டிக்கோட்டைக்குப் போக வேண்டாம் என்று முடிவு செய்தேன். மீண்டும் அந்தக் கூட்டத்துடன் ஒரே வண்டியில் இரவு முழுக்கப் பயணம் செய்யும் எண்ணமே கசந்தது. தேநீர்க்கடைக்கார அம்மா தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரை அழைத்தார். முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தாடிபத்ரிக்கு 700 ரூபாய். போகும் வழியில் அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் அரைகுறைத் தெலுங்கில் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசியில் அவர் சொன்னதன் சாரம் இது: ஞாயிற்றுக்கிழமை பகலில் எங்கள் ஊர்க்காரர் எவரும் குகைக்குள் இறங்கமாட்டோம், நாளைக் காலை திறந்ததும் வாருங்கள், என் மாமா அழைத்துப் போவார், அவர் குகை திறப்பதற்கு முன்பிருந்தே அதற்குள் போய்வந்தவர். எனக்கு முதலில் ஆர்வம் வரவில்லை. ஆனால் மறுநாள் மாலை வரை ஊருக்கு ரயிலும் உறுதியாகவில்லை, விடுதிக்கு 1,000 ரூபாய் கொடுத்தாயிற்று, அறைக்குள் உட்கார்ந்து என்ன செய்வது என்றுதான் சம்மதித்தேன். அன்று இரவு மருந்துக்கடையில் புதிய இன்ஹேலர் ஒன்றும், பக்கத்துக் கடையில் பருத்திச் சுடிதார் ஒன்றும் வாங்கினேன்.

அந்த மாமா அறுபதைத் தாண்டியவர், ஒல்லியானவர், கல் பட்டறையில் பல ஆண்டுகள் வேலை செய்தவர், பலகைக் கல் ஏற்றிய லாரியோடு சேலம் வரை வந்து போனதால் தமிழ் தெரிந்தவர். நான் அவரை "அண்ணா" என்றேன், அவர் என்னை "அம்மா" என்றார். கூலியை முதலிலேயே பேசிவிட்டோம்: 600 ரூபாய், எவ்வளவு நேரமானாலும். அதன்பின் அவர் கேட்ட முதல் கேள்வி, "நேத்து எந்த இடத்துல மூச்சு அடைச்சுது?" என்பது. சொன்னேன். "அதுக்குக் கீழே இன்னைக்குப் போகணும்னு கட்டாயம் இல்லை. போகலாமா வேண்டாமான்னு அங்க போய் நின்னு யோசிக்கலாம்" என்றார். நல்ல வழிகாட்டியை அடையாளம் காண இதைவிட வேறு சோதனை எனக்குத் தெரியவில்லை. உங்கள் உடம்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல், எத்தனை இடங்கள் காட்டுவேன் என்று பட்டியல் சொல்பவரோடு போகாதீர்கள். பாதியில் திரும்ப வேண்டும் என்று தோன்றினால் முகம் சுளிக்காமல் திரும்புவாரா என்பதை இறங்குவதற்கு முன்பே வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள்.

பத்து மணிக்குக் கதவு திறந்ததும் இறங்கினோம். எங்களுக்கு முன்னால் எவரும் இல்லை. இரவு முழுவதும் ஆளில்லாமல் கிடந்த குகையின் காற்றுக்கும் முந்தைய நாள் நண்பகல் காற்றுக்கும் இருந்த வேறுபாட்டை முதல் வளைவிலேயே உணர்ந்தேன். ஈரமும் வெக்கையும் அப்படியேதான் இருந்தன, ஆனால் மூச்சு தடையின்றிப் போய்வந்தது. அண்ணா மிக மெதுவாக நடந்தார். நான் வேகம் கூட்டும்போதெல்லாம் "மெல்லகா ரண்டம்மா" என்பார். ஒவ்வொரு காற்றுக் குழாயடியிலும் அவராகவே நின்றார், மூச்சு வாங்கச் சொல்லாமல் ஏதாவது காட்டுகிற சாக்கில் நிறுத்தி வைத்தார். சாக்கு என்று எனக்குப் புரிந்தது. அந்த நாகரிகம் பிடித்திருந்தது.

சுவரைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது அவர்தான். முதல் நாள் எல்லோரையும் போல நானும் கூரையிலிருந்து தொங்குவது எது, சிங்கமுகம் எங்கே, லிங்கம் எங்கே என்றே தேடிக்கொண்டு போனேன். அவர் சிங்கமுக வடிவில் கல் அமைந்த சிங்கத் துவாரத்தையும், லிங்க வடிவக் கற்கள் நிறைந்த கோடிலிங்கங்கள் என்ற கூடத்தையும் போகிற போக்கில் காட்டிவிட்டு, வெறும் சுவரின் முன்னால் நிறுத்தினார். கையிலிருந்த சிறு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்தார். நேரே விளக்கடித்தால் வழவழப்பாகத் தெரிந்த கல்லில், சாய்ந்த வெளிச்சத்தில் கரண்டியால் வழித்தெடுத்தாற்போன்ற சிறு குழிகள் நூற்றுக்கணக்கில் எழுந்து நின்றன. ஒவ்வொரு குழியும் ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் தாழச் சரிந்தும் இருந்தது. "செங்குத்தா இருக்கிற பக்கத்துலேர்ந்துதான் தண்ணி வந்தது, சரிஞ்ச பக்கமாப் போச்சு" என்று கையை வீசிக் காட்டினார். குழி சிறிதாக இருந்தால் நீர் வேகமாக ஓடியது, பெரிதாக இருந்தால் மெதுவாக ஓடியது என்பதையும், ஆராய்ச்சிக்கு வந்தவர்களுக்கு விளக்குப் பிடித்துக்கொண்டு நடந்த காலத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டாராம். சற்று முன்பு வரை நான் நடந்து வந்த பாதை முழுவதும் ஒரு காலத்தில் கூரை வரை நீர் நிறைந்து ஓடிய வாய்க்கால் என்பது அந்தச் சுவரின் முன்னால் நின்றபோதுதான் புத்தியில் ஏறியது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை வாங்கி மெல்லிய அமிலமாகி, கல்லின் வெடிப்பு வழியே இறங்கி, சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு போகிறது. அதே நீர் குகையின் கூரையில் சொட்டாக நிற்கும்போது அந்த வாயுவை விட்டுவிடுவதால், கரைத்த சுண்ணாம்பு திரும்பப் படிந்து கல்விழுதாக வளர்கிறது. பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். ஆனால் பாடத்தில் வராத ஒன்றையும் அவர் காட்டினார்: ஒரு கல்விழுதின் நுனியில் சொட்டு ஒன்று திரண்டு, விழலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றது, அதைச் சுற்றி வெள்ளை வளையம் மெலிதாகத் தெரிந்தது. பக்கத்திலேயே மூன்று விழுதுகள் நுனி கறுத்து, எண்ணெய்ப் பளபளப்போடு, சொட்டின்றி நின்றன. "கை எட்டுற உயரம்மா" என்றார். தொட்டுத் தொட்டு விரல் பிசுக்கு ஏறினால் அதன்மேல் சுண்ணாம்பு சரியாகப் படியாது. பொதுவாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே வளரக்கூடிய ஒன்று, நம் கை பட்டுப் பட்டு நின்றுவிடக்கூடும்.

விளக்குகளுக்கு அருகே பாறையில் பச்சை படர்ந்திருப்பதையும் அவர் காட்டினார். இருட்டுக்கே உரிய இடத்தில் விளக்கு வெளிச்சத்தை நம்பிப் பாசி முளைத்திருக்கிறது. காட்சிக்காகத் திறந்த குகைகள் பலவற்றில் இருக்கும் தொல்லை இது. குகையைத் திறந்ததே தவறு என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஊர்க்காரர்கள் பலருக்குத் தேநீர்க்கடையும் ஆட்டோவும் வழிகாட்டி வேலையும் அதனால்தான் வந்தன. ஆனால் ஒரே நேரத்தில் எத்தனை பேரை உள்ளே விடுவது என்பதற்கு ஒரு வரம்பு வைத்தால் குகைக்கும் நல்லது, மனிதர்களின் நுரையீரலுக்கும் நல்லது என்பது என் கருத்து.

சப்தஸ்வரக் குகையில் நான் ஓசையைக் கேட்க ஆசைப்பட்டேன். அவர் தட்ட மறுத்துவிட்டார். எனக்குச் சற்று ஏமாற்றமாகத்தான் இருந்தது, பணம் கொடுத்து வந்தவள் என்ற எண்ணம் ஒரு நொடி எட்டிப் பார்த்தது. அவர் ஒன்றும் பேசாமல், முந்தைய நாள் சாவியால் அடித்ததால் ஏற்பட்டிருக்கக்கூடிய வெள்ளை வடுக்களின்மேல் விளக்கை நகர்த்தினார். சில பழையவை, மங்கியிருந்தன. சில புதியவை, மாவு உதிரும் நிலையில் இருந்தன. ஓரிடத்தில் விழுதே முறிந்து அடிக்கட்டை மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

பாதாளகங்கைக்குச் சரியும் குறுகலுக்கு வந்தோம். வெறிச்சோடிக் கிடந்த அந்த இடத்தைப் பார்த்தபோது, இதற்கா நேற்று அப்படி என்று வியப்பாக இருந்தது. ஆனால் நெஞ்சு அதை ஏற்கவில்லை, படபடப்பு வந்துவிட்டது. அண்ணா கீழே உட்கார்ந்துகொண்டார், என்னையும் உட்காரச் சொன்னார். பேச்சுக் கொடுத்தார், எங்கள் வீட்டுச் சமையல் மேடைக் கல் எந்த ஊரிலிருந்து வந்தது என்றெல்லாம் கேட்டார். மூச்சு சீரானதும் எழுந்து, அவர் முன்னால் இரண்டு படி இறங்கி நின்று கையை நீட்டினார். நான் போனேன். கீழே சிறிய ஓடை ஒன்று கல்லுக்குள் நுழைந்து மறைகிறது. அங்கு அதிக நேரம் நிற்க அவர் விடவில்லை. ஆள் இல்லாத நேரத்திலும் தாழ்ந்த இடத்துக் காற்றை நம்பக் கூடாது என்பது அவருடைய விதி. திரும்பி வரும்போது எதிரே முதல் கூட்டம் வந்துகொண்டிருந்தது. நாங்கள் ஓர் அகன்ற கூடத்தில் ஒதுங்கி, அவர்கள் கடந்து போகும் வரை காத்திருந்தோம். குறுகலில் கூட்டத்தை எதிர்கொள்ளாமல், அகலமான இடத்தில் முன்கூட்டியே நின்றுவிடுவது என்ற இந்த ஒரு பழக்கம் மட்டும் எனக்கு முந்தைய நாள் தெரிந்திருந்தால் மூச்சுத் திணறலே வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

போக விரும்புகிறவர்களுக்கு நடைமுறைக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து ரேணிகுண்டா, கடப்பா வழியாக மும்பை செல்லும் ரயில் தடத்தில் தாடிபத்ரி இருக்கிறது. அங்கு நிற்கும் வண்டி எது என்று பார்த்து முன்பதிவு செய்து, இரவு அங்கேயே தங்கி, காலையில் குகைக்குப் போவதுதான் வேன் பயணத்தைவிட மலிவு, நிம்மதியும்கூட. சனி, ஞாயிறு, பண்டிகை விடுமுறை ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். ராயலசீமையின் ஏப்ரல், மே வெயிலில் போக வேண்டாம். குகையில் இறங்கும் முன்பே அங்கு பாதி உயிர் போய்விடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது. புடவையைவிடச் சுடிதார் வசதி, பருத்தியாக இருக்கட்டும், வழுக்காத செருப்பு போடுங்கள். வழிகாட்டி வேண்டும் என்று நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்திலும், வெளியே உள்ள தேநீர்க்கடைகளிலும் கேளுங்கள். கூலியையும் நேரத்தையும் இறங்குமுன் பேசுங்கள். மூட்டு வலி, ரத்த அழுத்தம், இடுக்கில் பயம் உள்ளவர்கள் கோடிலிங்கங்கள் வரை போய்த் திரும்பினாலே போதும், அங்கு வரை பாதை அவ்வளவு சிரமமில்லை. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாதாளகங்கைப் பக்கம் போக வேண்டாம்.

குழுப் பயணத்தில்தான் போக வேண்டும் என்றால், பணம் கட்டுமுன் மூன்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: குகைக்குள் வழிகாட்டி உடன் வருவாரா, எத்தனை மணிக்குக் குகைக்குள் இறங்குவோம், ஒருவர் தாமதமானால் என்ன செய்வார்கள். எனக்கு எழுத்தில் இருந்தது விளம்பரக் குறுஞ்செய்தி ஒன்றுதான், அதில் "வழிகாட்டியுடன்" என்ற சொல் இருந்ததே பிற்பாடு கைகொடுத்தது. ஊர் திரும்பியதும் ஏற்பாட்டாளருக்கு நடந்ததைத் தேதி, நேரத்தோடு எழுதி அனுப்பினேன், பதிலே இல்லை. அதன்பின் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்து, அந்தக் குறுஞ்செய்தியின் படத்தையும் பணம் கட்டிய ரசீதையும் இணைத்தேன். சில வாரங்களில் 2,000 ரூபாய் திரும்ப வந்தது, பையும் அவர்களுடைய அலுவலகத்தில் கிடைத்தது. மீதிக்காக நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். போகவில்லை, அலைய மனமில்லை. ஆட்டோ, விடுதி, உடை, மருந்து, ரயில் கட்டணம் எல்லாம் சேர்த்து எனக்குக் கைவிட்டுப் போனது 7,000 ரூபாய்க்கு மேல். அந்தக் கணக்கில் அண்ணாவுக்குக் கொடுத்த 600 ரூபாயை நான் சேர்க்கவில்லை.